முறுக்காமல் விட்ட போல்ட்

என் அப்பாவிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அந்தக் காரிடம் என் அப்பா இருந்தார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். சிதம்பரத்தில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டிய நாட்களைவிட பானெட்டைத் திறந்துவைத்து அதற்குள் தலையை விட்டிருந்த நாட்கள்தான் ஜாஸ்தி. அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மாவுக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம். அம்மாவின் அப்பா இறந்த அன்று எங்கள் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியாமல் போன அம்மா, காரியம் முடிந்த பிறகும் எங்களோடு திரும்பி வரவில்லை. மூன்று மாதம் ஆயிற்று. நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். தலையை நானே பின்னிக்கொண்டு போவேன். ஒரு ஜடை காதோரம் தொங்கும், இன்னொன்று கழுத்துக்குப் பின்னால் தொங்கும். டீச்சர் ஒன்றும் கேட்கமாட்டார். அவர் கேட்காததுதான் எனக்கு அழுகையாக வரும்.

ஒரு சனிக்கிழமை மாமா போன் செய்தார். அம்மாவின் அண்ணன், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்றைக்கு நிறையப் பேசினார். அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் நானும் காதை வைத்துக் கேட்டேன்.

"மச்சான், தங்கச்சிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனில வேலை சொல்லியிருக்கேன். திங்கக்கெழம பன்னெண்டு மணிக்குக் கெளம்பறோம். அதுக்குள்ள நீங்க நேர்ல வந்து கூப்ட்டா வீட்டுக்கு வரேன்னு சொல்லுது. வரலைன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

இந்த முறை வண்டி நிற்கவே கூடாது என்று அப்பா முடிவு செய்தார். அதற்காக இன்ஜினில் டைமிங் பெல்ட்டை மாற்றிவிட நினைத்தார். பல் வைத்த அந்த பெல்ட் அறுந்தாலோ நழுவினாலோ இன்ஜின் பிணம் என்று அடிக்கடி சொல்வார். அதை மாற்ற, இன்ஜினின் அடிப்பக்கம் இருக்கும் வட்டமான புல்லியைக் கழற்ற வேண்டும். புல்லியைப் பிடித்துக்கொண்டிருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு போல்ட். ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அந்த ஒரு போல்ட் தின்றது.

போல்ட்டைத் திருப்பினால் கூடவே இன்ஜினும் சுற்றியது. அது சுற்றாமலிருக்க வண்டியை கியரில் போட்டு, யாராவது பிரேக்கை மிதித்தபடி இருக்க வேண்டும். அடுத்த தெருவிலிருந்த அத்தையைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்தோம். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். ஜாதகமும் ராகு காலமும் அவர் விரல் நுனியில் இருக்கும். பிரேக் எது என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

"அழுத்துக்கா!"

"அழுத்திக்கிட்டுதானடா இருக்கேன்! காலே மரத்துப் போச்சு."

அப்பா மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஸ்பேனர் பிடியில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி, அதன்மேல் தன் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினார். போல்ட் தலையில் மாட்டியிருந்த சாக்கெட் பிளந்துகொண்டதுதான் மிச்சம். புதிய சாக்கெட் வாங்கி வந்து மறுபடியும் தொங்கினார். மூன்று மணி வாக்கில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இதுவும் வரமாட்டேங்குதுக்கா" என்றார். 'இதுவும்' என்றபோது குரல் உடைந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கியரை விடுவித்து, குழாயின் நுனியைத் தரையில் ஊன்றி வைத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சாவியை ஒரே ஒரு நொடி திருப்பினார். இன்ஜின் தன் பலத்தாலேயே சுற்றப் பார்க்க, குழாய் விடாமல் பிடிக்க, டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. நான் பயந்து அத்தையின் புடவைக்குள் புகுந்துகொண்டேன். போல்ட் கழன்றுவிட்டது. அம்மாவே வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது எங்களுக்கு.

இருட்டுவதற்குள் பெல்ட்டை மாட்டினார். திங்கட்கிழமை விடிந்ததும் புல்லியை வைத்து, போல்ட்டைக் கையால் சுழற்றி உள்ளே விட்டார்.

"பாப்பா, இத இப்படியே வுட்டா வண்டி காலி. பைப்பு போட்டு, நாம ரெண்டு பேரும் மேல ஏறி நின்னு முறுக்கணும்" என்றார். நான் ஏறி நிற்கத் தயாராகப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தை கற்பூரமும் நான்கு எலுமிச்சம்பழமுமாக வந்தார். மணி ஏழு இருபது.

"ஏழரைக்கு ராகு காலம் வந்துடும்டா. மொதல்ல வண்டிய வாசல் தாண்டி ரோட்டுல நிறுத்து. நகந்துட்டா போதும், அப்புறம் எம்மா நேரம் வேணா எடுத்துக்க."

அது நியாயமாகத்தான் பட்டது. அப்பா கையைத் துடைத்து, எடுத்துவைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அத்தை கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்தார். நான்கும் நசுங்க, கார் ரோட்டுக்கு வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மாமாவின் போன்.

"கெளம்பிட்டீங்களா மச்சான்?"

"கெளம்பிட்டேன் மச்சான், வண்டிலதான் இருக்கேன்" என்ற அப்பாவுக்கு, தான் சொன்னதே உண்மையாகிவிட்டது போலிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக, "ஏறு பாப்பா" என்றார்.

"அப்பா, போல்ட்டு இன்னும்..." என்று தொடங்கினேன். அத்தை என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் கற்பூர வாசனை அடித்தது.

"வாயக் கழுவு! பழத்து மேல ஏறுன வண்டிய நிறுத்தக்கூடாது. நல்ல காரியத்துக்குப் போறப்ப போல்ட்டு கீல்ட்டுன்னு அபசகுனமா... உங்கம்மா வரணுமா வேணாமா?"

"வரணும்."

"அப்ப ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது."

வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டி, "பாத்தியா, எப்படி ஓடுது" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அம்மா வரமாட்டார். கீரப்பாளையம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கட்டுப்பாட்டோடு வாழ்க்கையில் பிறகு எந்தக் காரியத்தையும் நான் செய்ததில்லை.

கீரப்பாளையத்துக்கு அப்பால், முன்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு எதுவோ முறிந்தது. கார் தானாக உருண்டு வயலோரம் நின்றது. அப்பா இறங்கிப் பானெட்டைத் திறந்தார். போல்ட் விரலிலேயே கழன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. டூல்ஸ் பையைப் பிரித்து, பானெட்டுக்குள் தலையை விட்டார்.

பத்து மணிக்கு மாமாவுக்குப் போன் செய்தார்.

"வண்டி நின்னுடுச்சு மச்சான். இதோ, ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க" என்றார் மாமா. அம்மாவிடம் கொடுங்கள் என்று அப்பா கெஞ்சினார். லைன் கட்டாகிவிட்டது.

பன்னிரண்டு மணி வந்தது, போனது. ஒன்றரை மணிக்குப் பானெட்டை மூடினார். ஒரு டிராக்டரில் கயிறு கட்டி எங்களை வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். அதற்குள் அம்மா திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்ப்பது என்றால் பொங்கலுக்குப் பொங்கல், மாமா வீட்டில். அப்பா அந்தக் காரை விற்கவுமில்லை, ஓட்டவுமில்லை.

அத்தை வாயைப் பொத்துவதற்குள் 'போல்ட்டு' என்ற வார்த்தை வெளியே வந்துவிட்டதே, அந்த அபசகுனத்தால்தான் அம்மா போய்விட்டார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் விவரம் வந்ததும் குற்றம் அப்படியே புரண்டு படுத்தது. மீதியைச் சொல்லாமல் விட்டதால்தான் போய்விட்டார் என்று ஆனது. இரண்டிலும் குற்றவாளி நான்தான். ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்துப் புழுங்கினேன்.

வேலைக்குப் போன பிறகு ஒருமுறை திருப்பூரில் அம்மாவின் அறையில் தங்கியபோது, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நான் அழுது முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ரோட்டுல பஸ்ஸே போவலியா?"

போயிற்று. அன்றைக்குக் கார் நின்ற இடத்தில், நான் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு வடஎழுத்துகள் பிடிபட்டிருந்தன. தூரத்தில் பஸ் தெரிந்ததும் எழுந்து நின்று, போர்டில் இருந்த 'ஸ்ரீ'யையும் 'ஷ்'ஷையும் பிழையில்லாமல் சேர்த்து, "ஸ்ரீமுஷ்ணம்!" என்று கத்துவேன். தலையை வெளியே எடுக்காமலே அப்பா, "கெட்டிக்காரி" என்பார். பன்னிரண்டு மணிக்குள் நான்கு பஸ் அப்படிப் போயிற்று. நான்காவது பஸ்ஸின் டிரைவர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை. பஸ் போனதும் நான் மறுபடி நிழலில் உட்கார்ந்து, அடுத்தது எப்போது வரும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் போர்டையும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டுமே.