மீசைக்கு வந்த அவரைக்காய்

சங்கிலி அண்ணனின் மீசையைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. முப்பது வருஷம் வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மீசையைப் பார்த்தாலே சில்லறை தானாக வெளியே வரும் என்பார்கள். அவர் மனைவி பொன்னழகுக்கு மட்டும் அது ஆகாது. "வைக்கிற குழம்புல பாதியை அதுதான் குடிக்குது" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து எடுக்கச் சொல்கிறாள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஆடியில் கொல்லையில் அவரை விதை ஊன்றினார். ஐப்பசி மழையில் கொடி இடுப்பளவுப் பந்தலை மூடிவிட்டது. எல்லாம் இலை. தீபாவளிக்கு வந்த பொன்னழகின் அண்ணன் ஆண்டிச்சாமி, சேவுகம்பட்டியில் தோட்டம் வைத்திருப்பவர், பந்தலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இம்புட்டு இலையை வச்சு என்ன மாப்ள செய்யப் போறீக?"

சங்கிலி அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தைப்பொங்கல் குழம்புல என் கொல்லை அவரைக்காய் கிடக்கும் மச்சான். இல்லேன்னா இந்த மீசையை எடுத்துர்றேன்!"

பக்கத்து வீட்டுக்காரியான நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பொன்னழகின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதுவரை கண்டதில்லை.

கார்த்திகை பிறந்து காலையில் லேசாகப் பனி இறங்கியது. கொடியில் ஒரு பகுதி மதிலைத் தாண்டி ரம்ஜான் பீவி வீட்டுக்குள் போயிருந்தது. அங்கே கொத்துக் கொத்தாகக் காய். இங்கே ஒரு பூ இல்லை. காய்க்காத கொடியை விளக்குமாற்றால் அடித்தால் ரோஷப்பட்டுக் காய்க்கும் என்று யாரோ சொல்ல, அண்ணன் அதையும் செய்தார். விளக்குமாறுதான் தேய்ந்தது.

ரம்ஜான் பீவி முறம் நிறையக் காயோடு வந்தாள். "உங்க கொடிதானேண்ணே, வச்சுக்கங்க."

"வேணாம்மா. உங்க பக்கம் காய்ச்சது உங்க காய். அடுத்தவுக டிக்கெட்டுல நான் ஏற மாட்டேன்."

வறட்டுக் கௌரவம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பீவி சிரித்தாள். "அப்ப எங்க சிட்டை இங்கிட்டு விடுங்க. அது இலையைத் திங்கத் திங்கத்தான் எங்க பக்கம் காய்க்குது."

சிட்டு அவளுடைய வெள்ளாடு. அதுவரை அண்ணன் கல்லெறிந்து விரட்டிக்கொண்டிருந்த அதே ஆடு. மறுநாளே கொல்லைக் கதவைத் திறந்து, வாழைப்பழத் தோலைக் காட்டி, பழைய கண்டக்டர் விசிலை இரண்டு முறை ஊதினார். நாலே நாளில் சிட்டு பழகிவிட்டது. விசில் கேட்டால் எங்கே நின்றாலும் ஓடி வந்து இலையை உருவும். மார்கழி பிறந்ததும் பந்தலெங்கும் பூ. அண்ணன் கதவைப் பூட்டி, விசிலை ஆணியில் மாட்டினார்.

பொங்கலுக்கு முந்தின நாள் பிஞ்சும் காயுமாகத் தொங்கியது. "பறிச்சு வச்சுருங்கண்ணே" என்றாள் பீவி.

"மச்சான் கண்ணு முன்னாடிதான் பறிப்பேன்."

பொங்கலன்று காலை கொல்லையில்தான் பானை வைத்தார்கள். ஆண்டிச்சாமி கரும்போடு வந்து, காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நுரை பொங்கியது. நாங்கள் குலவையிட்டோம். பொன்னழகு உள்ளே ஓடி விசிலை எடுத்து வந்தாள்.

"பானை பொங்குனா வருசாவருசம் ஊதுவீகளே, ஊதுங்க!"

ஜெயித்த சந்தோஷம் அவருக்கு. கன்னம் உப்ப இரண்டு முறை ஊதினார்.

சிட்டு வந்தது. இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. துவைகல்லில் ஏறி, அங்கிருந்து பந்தல் மேல் குதித்ததும் பந்தல் அப்படியே சரிந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கம்பைத் தேடவே தெம்பில்லை. விரட்டி முடித்தபோது ஒரு காய் மிச்சமில்லை.

சத்தம் கேட்டுப் பீவி முறத்தில் தன் பக்கத்துக் காயோடு ஓடி வந்தாள். "இதைப் போட்டுக் குழம்பு வையுங்கண்ணே. வேர் உங்களதுதானே?"

ஆண்டிச்சாமியும் இறங்கி வந்தார். "அதுவும் சரிதான் மாப்ள. நான் ஒத்துக்கிறேன்."

அண்ணன் மீசையை ஒரு தடவை தடவினார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "இல்ல மச்சான். அது அவுக காய்னு அன்னைக்கே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு சலூனுக்குப் போனார். பண்டிகை நாளில் கடையில்லை. திரும்பி வந்து, கண்ணாடி முன் நின்று தானே எடுத்தார்.

மத்தியானம் பீவி கொடுத்த காயில்தான் குழம்பு. பரிமாற வந்த பொன்னழகு கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்க மொகம் இம்புட்டு அழகா?" என்றாள். அண்ணன் வெட்கப்பட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் கொல்லைக் கதவைச் சாத்தப் போனேன். பூட்டு உடையவில்லை. திறந்து, நாதாங்கியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. திரும்பினால் பொன்னழகு நிற்கிறாள், இடுப்பில் சாவிக்கொத்தோடு.

கதவைச் சாத்தி, பூட்டை அமுக்கிப் பூட்டினேன். எனக்கும் அந்த மீசை பிடித்ததே இல்லை.