வலது என்றால் எதன் வலது

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது சொல்லுக்காகத்தான் வரும். சொத்துக்காகச் சண்டை போட எங்களிடம் ஒரு ஃபைபர் படகை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். ராயபுரத்துக்காரர். மீசை அரும்பிய வயதில் கப்பல் ஏறி, அது நரைக்கும் வரை சரக்குக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர். அதிகாரி எந்தப் பக்கம் சொல்கிறாரோ அந்தப் பக்கம் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சொன்னது காதில் விழுந்தது என்று தெரிய, அதே சொல்லை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. என் வீட்டுக்காரர் எண்ணூரில் ஃபைபர் படகு ஓட்டுகிறவர். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய், விடிந்தபின் அதே வழியாகத் திரும்புவார். அந்த மீனில் ஒரு கூடையை நான் எடுத்துக்கொண்டு சாத்தாங்காடு போவேன். அங்கே இரும்பு மார்க்கெட் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன்.

அம்மா போனபிறகு நைனாவை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தேன். வந்தாரே தவிர, மனது வரவில்லை. கப்பலுக்குக் கொண்டுபோன பெரிய பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்.

"சும்மா குந்திக்கினு துன்றதுக்கு நா இன்னா விருந்தாளியாம்மா? ராயபுரத்துல ஒரு ரூம பாத்துக்கினு போறேன்" என்பார். முழங்கால் வலிக்காரர், மாடிப்படி ஏறி ஒற்றை ஆளாக ஒரு அறையில் எப்படி இருப்பார்?

இருந்தாலும் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் வீடு களை கட்டும். படகின் முன்பக்கத்தை என் வீட்டுக்காரர் அணியம் என்பார். நைனாவுக்கு அது ஆகாது.

"இன்னா மாப்ளே அணியம்? ஃபார்வர்டுன்னு சொல்லு. ஒலகம் முச்சூடும் அப்டித்தான் சொல்றான்."

"ஒலகம் முச்சூடும் நம்ம ஆத்து வாய்ல வந்து வலை உடுதா மாமா? இங்க அணியம்தான்."

"ரெண்டு பேரும் பேசாம துன்னுங்க. கொளம்பு ஆறிப்போவுது" என்று அதட்டுவேனே ஒழிய, கேட்க எனக்கு ஆசைதான். ஒரே கடல், ஒரே கயிறு, இத்தனை பெயர் எப்படி வந்தது? ஒருநாள் இரும்பு மார்க்கெட்டில் கிரேன்காரரிடம் கீழே நிற்கிறவர்கள் கத்துவதைக் காது கொடுத்துக் கேட்டேன். தூக்குவதற்கு ஹபீஸ், இறக்குவதற்கு ஆரியா. அது எந்த ஊர்ப் பேச்சு என்று விசாரித்தால், யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் வந்து சொன்னதும் நைனா இலையை விட்டு எழுந்தேவிட்டார்.

"எங்க வார்த்தம்மா அது! கப்பல்ல சரக்கு எறக்க சொல்றது. கரையேறி சாத்தாங்காடு வரிக்கும் போயிட்ச்சா?"

என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க வார்த்த ஒண்ணு கூடவா அங்க இல்ல?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்போதுதான், அவரோடு படகில் போய்க்கொண்டிருந்த பங்காளி கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்துப் போனார். அணியத்தில் உட்கார ஆள் இல்லை. எங்கள் முகத்துவாரத்தில் அந்த ஆள் இல்லாமல் ஆகாது. அனல் மின் நிலையத்துச் சாம்பலும் மணலும் அடைத்து, நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று முட்டியளவு தண்ணீர் நிற்கும். பின்னால் எஞ்சின் கைப்பிடியைப் பிடிக்கிறவருக்கு அது தெரியாது. முன்னால் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நைனாவை அழைத்துப் போகச் சொன்னேன். முணுமுணுத்தபடிதான் ஒத்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். நைனா அன்றைக்கே முகச்சவரம் செய்துகொண்டார்.

முதல் நாள் திரும்பி வரும்போது நான் கரையில் கூடையோடு நின்றிருந்தேன். இடப்பக்கம் மணல் திட்டு. படகு வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். நைனா எழுந்து நின்று "வலது! வலது!" என்று கத்தினார். படகு அழகாக இடப்பக்கம் திரும்பி, நேரே திட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தண்ணீரில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்கள்.

"வலதுன்னு சொன்னா இடது போறியே, காது அவுட்டா?"

"வலதுதான் மாமா தள்னேன்! நீங்க பாக்கலயா?"

இருவர் சொன்னதும் உண்மை. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். எங்கள் குப்பத்தில் வலது என்றால் கைப்பிடி போகும் பக்கம். கை எங்கே என்பதுதான் பேச்சு. கப்பலிலோ சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் கப்பலும் வலப்பக்கமே போகும். கையும் கப்பலின் மூக்கும் ஒரே திசை, அதனால் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வியே அங்கு எழாது. இத்தனை வருடம் கடலில் கிடந்த இரண்டு பேர், வலது என்றால் எதன் வலது என்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

"அத்தோட, சொன்னத திருப்பி சொல்லவும் மாட்டன்ற. திருப்பி சொன்னாத்தான் கேட்டுதுன்னு அர்த்தம்" என்று நைனா முடித்தார். என் வீட்டுக்காரர் படகைத் தள்ளத் திரும்பிக்கொண்டார்.

அன்று இலையில் சோறு மிச்சம் இருந்தது. நைனாவின் பை கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டிலுக்கு மேலே வந்துவிட்டது. எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் படகு கடலுக்குப் போகவில்லை. எஞ்சினுக்குச் சாமான் வாங்க என் வீட்டுக்காரர் காசிமேடு போயிருந்தார். மாலையில் விறகு பொறுக்கப் போனபோது பார்க்கிறேன், கரையில் இழுத்துப் போட்டிருந்த படகில் நைனா ஏறி, பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளுகிறார், அந்தப் பக்கம் தள்ளுகிறார், ஒவ்வொரு முறையும் முன்னால் எட்டி அணியத்தைப் பார்க்கிறார். என்னைக் கண்டதும் எஞ்சினைத் துடைப்பது போல் பாவனை செய்தார். நானும் பார்க்காதது போல் வந்துவிட்டேன். சாப்பிடும்போது, "மாப்ளே கூப்ட்டா நாளிக்கி ஒரு தபா போய் பாக்கறேன்" என்றார். மாப்பிள்ளை உடனே கூப்பிட்டார். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

காலையில் கரையில் நின்றேன். அதே திட்டு, அதே பக்கம். நைனா எழுந்து நின்று, மாப்பிள்ளையின் பேச்சில், "இடது! கைய இடது!" என்று கத்தினார். கைப்பிடி இடப்பக்கம் போனால் படகு வலப்பக்கம் ஒதுங்கும். கணக்கு சரி. ஆனால் எஞ்சின் இரைச்சலில் 'இடது' மட்டும்தான் பின்னால் போயிருக்கிறது. படகு இடப்பக்கம் திரும்பி, முந்தாநாள் விட்ட தடத்திலேயே போய் ஏறியது.

காசிமேட்டில் என் வீட்டுக்காரர் சாமான் மட்டும் வாங்கிவரவில்லை. தெரிந்தவரின் விசைப்படகில் ஏறி, சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, கப்பல்காரர் பேச்சு எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். இனி மாமா எந்தப் பக்கம் சொல்கிறாரோ அணியம் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"உங்க பேச்சுலதான ஓட்னேன் மாமா!"

"நா உன் பேச்சுலதானடா சொன்னேன்!"

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நைனாதான். அம்மா போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே படகைத் தள்ளினார்கள். அதிலும் ஆளுக்கொரு பக்கம்.

கடைக்கு நேரமாகிறது, அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"வலதும் வாணாம், இடதும் வாணாம்! அந்த பொகக்கூண்டு பக்கம் தள்ளுங்கய்யா!" என்று கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

இரண்டு பேரும் தலையைத் தூக்கி, அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டைப் பார்த்தார்கள். ஒரே பக்கம் தள்ளினார்கள். படகு வழுக்கிக்கொண்டு ஆழத்துக்கு வந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "சாத்தாங்காட்ல இனிமே பொகக்கூண்டையும் சேத்து சொல்லு, அது எங்க வார்த்த" என்றார். கட்டிலில் இருந்த பை அங்கேயே இருந்தது. அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் முகத்துவாரத்தில் லேசான மூட்டம். படகு தெரிவதற்கு முன்பே நைனாவின் குரல் வந்துவிட்டது. "பொகக்கூண்டு!" அந்தக் குரல் அடங்குமுன் பின்னாலிருந்து இன்னொரு குரல் அதையே உரக்கத் திருப்பிச் சொன்னது. "பொகக்கூண்டு!" படகு திட்டை ஒதுக்கிவிட்டு வந்தது. இனி இந்தக் கரைப் பக்கம் திரும்ப வேண்டும். இந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று யாரும் பேசி வைக்கவில்லை. அணியத்தில் நின்ற நைனா கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் தெரிந்த எங்கள் ஓட்டுக்கூரையைப் பார்த்தார்.

"வூட்டு பக்கம்!" என்று கையை நீட்டினார். "நம்ம வூட்டு பக்கம்!"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பின்னால் கைப்பிடியைத் தள்ளியபடி என் வீட்டுக்காரர், ஒரு சொல் குறையாமல், முகத்துவாரம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொன்னார்.

"நம்ம வூட்டு பக்கம்!"