மாதம் இருபது நிமிடம்

முன்னால் போன லாரியின் பின்விளக்குகள் சிவப்பாகத் தெரிந்தன. சாலை தெரியவில்லை. அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டே அவர் வேனை ஓட்டினார். பின்னால் சலவைக்கூடத்துப் பெண்கள் பதினொரு பேர்.

“டிரைவர் அண்ணே, வேனை ஓட்டுறீங்களா, தள்ளிக்கிட்டு வர்றீங்களா?”

சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். லாரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவருக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கண்ணில் கரி பூசினாற்போல் ஆகிவிடும். மனைவிக்கு மட்டும் தெரியும். பட்டப்பகலில் நடந்த பார்வைப் பரிசோதனையில் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டி இந்த வேலையை வாங்கியிருந்தார்.

பிறந்த ஊரில் வருஷம் முழுக்க ஏறத்தாழ ஒரே நேரத்தில் இருட்டும். மே மாதம் இந்தக் குளிர்தேசத்தில் வந்து இறங்கியபோது இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. தன் கண்ணுக்கென்றே வாய்த்த நாடு என்று நினைத்தார். ஜூன் கடைசியிலிருந்து சூரியன் மறையும் நேரத்தைச் சமையலறைக் காலண்டரில் குறித்தார். ஒரு மாதத்தில் இருபது நிமிடம் குறைந்திருந்தது. வேனின் மாலை நடை ஏழு மணிக்கு முடிந்துவிடும். இன்னும் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம் வெளிச்சம் மிச்சம். மாதம் இருபது நிமிடம் என்றால் ஐந்து மாதம் தாங்கும்.

“ஆபீஸ்ல சொல்லிடுங்க. பகல் வேலை ஏதாவது கேளுங்க” என்றாள் மனைவி.

“டிசம்பர்ல பாத்துக்கலாம். இப்பவே ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கணும்?”

ஆகஸ்டில் பொழுது வேகமாகச் சுருங்கியது. மேகம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். செப்டம்பரில் காய்ச்சல், பத்து நாள் படுக்கை. எழுந்து வந்த முதல் நாள் இன்று. அந்தப் பத்து நாளில் மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. போதாததற்கு மழை.

வைப்பர் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்த் தயங்கி, நின்று, திரும்பியது. நடுவில் பாய்ந்தது. மறு ஓரத்தில் மறுபடி தயக்கம். சூரியனும் இப்படித்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சூரியன் வடக்கு ஓரத்தில் தயங்கி நின்ற மாதத்தில் அவர் கணக்கு எடுத்திருந்தார். இப்போது அது நடுவழியில் தெற்கே பாய்ந்துகொண்டிருந்தது; மாதத்துக்கு இருபது நிமிடமல்ல, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பொழுது குறைந்தது.

லாரி வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.

ஒன்றுமே இல்லை. பிரேக்கை மிதித்தார். சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்னால் யாரோ அலறினார்கள்.

“என்ன தம்பி?” முன் இருக்கையில் இருந்த, சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா கேட்டாள்.

“ரோடு தெரியலக்கா.”

“மழையிலயா?”

“கண்ணுக்கா. பொழுது சாஞ்சா தெரியாது.”

அக்கா இறங்கிப்போய் செல்போன் வெளிச்சத்தைக் கீழே அடித்துப் பார்த்தாள். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வாய்க்கால், கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

“இது தெரிஞ்சேவா எங்களை ஏத்திக்கிட்டு வந்த?”

பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் அவருக்குப் பயமாக இருந்தது. அக்கா அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவர் சாவியைக் கொடுத்தார். இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போகும் என்றார்கள். சலவைக்கூடத்தில் வேலை காலியானால் கூப்பிடுவதாக மேற்பார்வையாளர் சொன்னார். வாசலில் இஸ்திரி அக்கா அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். மனைவி கதவைத் திறந்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனாள்.