அறுபது நடவுக் குச்சிகள்

2019 மார்ச் 4: ஒரு ஏக்கரில் 112 மூட்டை.
2021 மார்ச் 9: 61 மூட்டை.
2022 மார்ச் 2: 19 மூட்டை.
2022 மே 14: நோயில்லாத குச்சி 60. ஆராய்ச்சிக்கு 20, ஊருக்கு 15, சொந்த நடவு 25.
2022 டிசம்பர் 6: எரித்தது 25 செடி.

மலைமேல் அரியூர் நாட்டில் செங்கோடன் வைத்திருந்த குச்சிக்கிழங்கின், அதாவது தண்டுக் குச்சியை நட்டு வளர்க்கும் மரவள்ளியின், கணக்கு இது. இலைக்காம்பு வெளுத்திருக்கும் என்பதால் அதற்கு வெள்ளைக்காம்பு என்று பெயர். வேக வைத்தால் மாவாக உதிரும், கசக்காது. செங்கோடனின் அப்பன் காலத்திலிருந்து அந்தக் காட்டில் வேறு கிழங்கு நட்டதில்லை. தேமல் நோய் வந்து இலை சுருண்டபின் கிழங்கு கட்டைவிரல் பருமனுக்கு மேல் பெருக்கவில்லை.

மே மாதம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கோகிலா வந்தாள். நோயை எதிர்க்கும் மரபணுவை இந்தக் கிழங்குக்குள் வைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். பலித்தால் மருந்தடிக்க வேண்டியதில்லை, பழைய விளைச்சல் திரும்பும்.

"அதைத் தின்னா ஒண்ணும் ஆகாதுங்களா, கண்ணு?" என்று கேட்டார் செங்கோடன்.

"இன்னைக்கே ஆகாதுன்னு சொன்னா அது பொய்ங்கய்யா. பல வருசம் சோதிக்கணும். பக்கத்துக் காட்டுச் செடியில கலக்குமான்னும் பாக்கணும். அரசாங்கம் அனுமதிச்சாத்தான் வெளிய வரும்."

"பொய் சொல்லாத புள்ளைக்குக் குடுக்கலாமுங்க" என்றாள் மனைவி மாதம்மாள். இருபது குச்சிகளைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள்.

மறுநாள், எப்போதும் கேலி பேசும் மச்சான் முறைக்காரன் தனபால் வந்து நின்றான்.

"மச்சா, ஆபீஸ்காரிக்கு இருபது. எனக்கு எத்தனை?"

"உனக்குக் குடுத்தா கெழங்கு சுருங்கிப் போயிருமேடா."

"என் மூஞ்சியப் பாத்துமா சுருங்கும்? குடுங்க மச்சா."

நடவுக் குச்சி கேட்டு வந்தவரை அந்த ஊரில் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஒருவர் காட்டில் பன்றி புகுந்தாலோ மழை பொய்த்தாலோ, கொடுத்த இடத்தில் போய்த் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தனபாலும் இன்னும் இரண்டு பேரும் ஐந்தைந்து குச்சி எடுத்துப் போனார்கள்.

டிசம்பரில் செங்கோடனின் இருபத்தைந்து செடிகளில் இருபத்திரண்டில் தேமல் கண்டது. மூன்று மட்டும் பச்சையாக நின்றன.

"அந்த மூணையாவது உட்டு வைங்க" என்றாள் மாதம்மாள்.

"ஒட்டி நின்னதுல வராதுன்னு என்ன நிச்சயம்? ஊருக்குள்ள பதினஞ்சு இருக்குதில்ல புள்ள, வாங்கிக்கலாம்."

மூன்றையும் பிடுங்கித் தீயில் போட்டார். அடுத்த வாரம் மூன்று வீடுகளுக்கும் நடந்தார். மூன்று காட்டிலும் தேமல் வந்து, அவர்களும் எரித்திருந்தார்கள். செங்கோடனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டதாகத் தனபால் சொன்னான். அன்று அவன் கேலி பேசவில்லை.

அதன்பின் வெள்ளைக்காம்பு கோகிலாவிடம் மட்டும்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் அவள் கடிதம் வந்தது: மாற்றிய செடிகளில் ஏழு, நோயைத் தாங்கி நிற்கின்றன. மாதம்மாள் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். 2024 அக்டோபரில் இன்னொரு கடிதம். வயலில் நட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை, திட்டம் நின்றது. மாற்றியது வேண்டாம், தான் கொடுத்த பழைய கிழங்கில் ஒரே ஒரு குச்சி போதும் என்று செங்கோடன் பதில் எழுதினார். வேலியோரம் ஒரு குழியும் எடுத்து வைத்தார்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாற்றாத செடிகளையும் அதே ஆராய்ச்சிக் கூடத்தில்தான் வளர்த்தார்களாம். மாற்றியதோடு சேர்ந்திருந்த எதையும் வெளியே விடக்கூடாது என்பது விதி. எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். தனியாக ஓரிடத்தில் வைக்காதது தன் தவறு என்று கோகிலா எழுதியிருந்தாள்.

"நல்லா இருந்ததையுமா எரிச்சாங்க?" என்றாள் மாதம்மாள்.

செங்கோடன் கடிதத்தை மடித்தார். "நாமளும் மூணு எரிச்சோமே, புள்ள."

பிறகு எழுந்து போய் வேலியோரக் குழியை மண் தள்ளி மூடினார். கோகிலாவிடமிருந்து அதன்பின் கடிதம் இல்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.