கம்பளித் தாத்தாவின் வயது

பிச்சைக்காரர்கள் விஷயத்தில் சலூன்காரருக்கு ஒரே கொள்கைதான். கொடுப்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. இரண்டுக்குமே கையை நீட்ட வேண்டும். அவருடைய கை இரண்டும் எந்நேரமும் யாராவது ஒருவர் தலைமேல் இருந்தது. இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு ஐம்பது வயதுவரை யார் வம்புக்கும் போகாமல் காலம் தள்ளிவிட்டார்.

அவர் கடைக்கும் பக்கத்து செல்போன் கடைக்கும் நடுவில், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் கதவு ஒன்று. அதன் படியில்தான் இரண்டு வருடமாகக் கம்பளித் தாத்தா உட்கார்ந்திருந்தார். வெயிலோ மழையோ, உடம்பைச் சுற்றி ஒரு கம்பளி. நெஞ்சைத் தொடும் நரைத்த தாடி. சடைபிடித்துக் கூடு போல நிற்கும் முடி. வாய் திறந்து கேட்க மாட்டார். கிண்ணத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். பல்லில்லாத கிழவராயிற்றே என்று பழக்கடை அக்கா கனிந்து குழைந்த வாழைப்பழமாகப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பாள்.

செல்போன் கடைக்காரன் சலூன்காரரின் மனைவிக்குத் தம்பி. சலூன் இருக்கும் இடமும் அவனுடையதுதான். அக்கா புருஷனாயிற்றே என்று வாடகையை ஏற்றாமல் விட்டுவைத்திருந்தான். அப்படி விட்டுவைத்திருப்பதை அவ்வப்போது சொல்லிக் காட்டவும் மறக்கமாட்டான். அவன்தான் தெருக் கடைக்காரர்களைக் கூட்டிப் பேசினான். போன் வாங்க வருகிறவர்கள் படியில் இருக்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்களாம். இனி யாரும் ஒரு பைசா போடக் கூடாது, ஆள் தானாகக் கிளம்பிவிடுவான், கிளம்பாவிட்டால் தூக்கிக்கொண்டுபோய் வேறு எங்காவது விட்டுவிடலாம் என்று பேச்சு முடிகிற நேரத்தில் சலூன்காரர் வாயைத் திறந்தார். சும்மா இருந்திருக்கலாம்.

"ஆள் பிரச்சினை இல்ல மாப்ள, கோலம்தான் பிரச்சினை. நான் முடி வெட்டி, சவரம் பண்ணி விடறேன். பார்க்க நல்லா இருந்தா அப்புறம் யாருக்கு என்ன கஷ்டம்?"

எல்லோருக்கும் பிடித்துப்போனது. கைக்காசு செலவில்லாத தர்மம் யாருக்குத்தான் பிடிக்காது? தாத்தாவுக்குப் பிடிக்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சலூன்காரரும் கேட்கவில்லை.

கடை விடுமுறை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, தாத்தாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். தாத்தா மாட்டேன் என்று சொல்லவில்லை. கம்பளியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கூச்சம் போலிருக்கிறது என்று சலூன்காரர் நினைத்தார். சின்னப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிற குரலில், "பயப்படாதீங்க பெரியவரே, வலிக்காது" என்று சொல்லிவிட்டுத் தாடியில் கத்தரியை வைத்தார்.

தாடி தரையில் விழ விழ அவருக்குச் சந்தேகம் வந்தது. சோப்பு நுரையை வழித்து எடுத்ததும் சந்தேகம் போய்விட்டது. கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கு முப்பது வயதுக்குமேல் ஒரு நாள்கூடச் சொல்ல முடியாது. நரை, இளநரை. மீதியெல்லாம் தெருப் புழுதி. பற்கள் வரிசையாக, ஒன்று குறையாமல் இருந்தன.

சலூன்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. தன்னைவிட இருபது வயது சின்னவனையா பெரியவரே என்று கூப்பிட்டோம்? அந்தக் கோபத்தில் கை வேகமாக ஓடியது. வலது பக்கம் வெட்டி, பின்பக்கம் வெட்டி, இடது பக்கச் சடையை அடியோடு எடுத்துவிட்டுத் தலையைத் திருப்புவதற்காக உள்ளங்கையை வைத்தார். காதுக்குமேல் அவர் விரல்கள் உள்ளே அமுங்கின. கை வைத்த இடத்தில் தோல் இருந்தது, தோலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு கை அகலத்துக்குப் பள்ளம். அதற்குள் என்னவோ மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது.

முப்பது வருடமாகத் தலைகளைத் தொட்ட கை அது. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டது.

"லாரி இடிச்சதுண்ணே" என்றான் அவன். அந்தக் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. "எலும்பை எடுத்துட்டாங்க. திரும்ப வைக்க இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்னாங்க, ஆகல. கொஞ்ச நேரம் நின்னா கண்ணு இருட்டிடும். வேலைக்கு எவனும் வச்சுக்கல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி."

"முன்னாடி இருந்த இடத்துல தெரிஞ்சுபோச்சு. ரெண்டு குடிகாரனுங்க தினமும் வருவானுங்க. விரலை வச்சு அமுக்கிப் பார்ப்பானுங்க, சும்மா, வேடிக்கைக்கு. முடி வளர்த்த பிறகுதான் நான் நிம்மதியாத் தூங்கினேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

சலூன்காரர் சொல்லமாட்டேன் என்று தலையாட்டினார். தரையில் கிடந்த முடியைப் பார்த்தார். வெட்டிய முடியை ஒட்டவைக்க எந்தத் தொழிலிலும் வழி கிடையாது. மாட்டிவைத்திருந்த தன்னுடைய கம்பளிக் குல்லாயை எடுத்துக் காது மூட அவன் தலையில் இழுத்துவிட்டார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் கடை திறக்க வரும்போது படியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கம்பளி அதேதான், கிண்ணம் அதேதான், நடுவில் இருந்த முகம்தான் யாருக்கும் பொறுக்கவில்லை. இத்தனை காலம் தாத்தா தாத்தா என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் அவனைவிட மூத்தவர்களாக இருந்தார்கள். ஏமாந்தது வெளியே தெரிந்துவிட்டால் மனிதனுக்கு வருகிற ஆத்திரம் சாதாரண ஆத்திரம் இல்லை. பழக்கடை அக்கா, பல்லில்லாதவன் என்று பார்த்துப் பார்த்துப் பழம் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி அழுகிற நிலைக்கு வந்திருந்தாள். யாரோ ஒருவர் கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டார். காசு தெருவில் உருண்டது, ஒருவரும் குனியவில்லை.

மைத்துனன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "கல்லு மாதிரி உடம்பை வச்சுக்கிட்டு உழைச்சுச் சாப்பிட என்னடா கேடு? குல்லாயைக் கழட்டு, உன் மூஞ்சியை எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்" என்றான்.

அவன் இரண்டு கையாலும் குல்லாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு சலூன்காரரைப் பார்த்தான். சொல்லாதீர்கள் என்கிறானா, காப்பாற்றுங்கள் என்கிறானா, அந்தப் பார்வையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. சலூன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஓர் அறை போதும். மைத்துனனின் கை உயர்ந்தது. இடது காதுப் பக்கம் இறங்கப் போகிற கை அது.

"தலையில அடிக்காத! அங்க எலும்பு இல்லடா!"

அவர் மைத்துனனை 'டா' போட்டுப் பேசியது அன்றுதான். உயர்ந்த கை அப்படியே நின்றது. பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார், லாரி, ஆபரேஷன், கண் இருட்டுவது. குடிகாரர்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்புறம் நடந்தது நடந்திருக்காதோ என்று இன்றைக்கும் யோசிப்பார்.

அப்புறம் நடந்தது என்னவென்றால், தெருவுக்கு இரக்கம் வந்துவிட்டது. பழக்கடை அக்கா ஒரு சீப்புப் பழத்தோடு வந்தாள். மருந்துக் கடைக்காரர் வந்தார். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். கிண்ணம் நிறைந்தது. போட்ட ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நின்று, "குல்லாயைக் கொஞ்சம் தூக்கிக் காட்டேன்ப்பா" என்று கேட்டார்கள். அவன் காட்டவில்லை. காசு போட்டவர்களுக்குக் காட்டாவிட்டால் எப்படி என்று ஒருவர் நியாயம் பேசினார். பிறகு காட்டினான். மைத்துனன் தான் செய்ய இருந்த பாவத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பில் கடையிலிருந்த விலை உயர்ந்த போனைக் கொண்டுவந்து, ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பி உதவி கேட்கலாம் என்று படம் பிடிக்க ஆரம்பித்தான்.

சலூன்காரர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கடை அக்கா கண் கலங்க அவன் பக்கத்தில் குந்தினாள். "வலிக்குமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு விரலை மெதுவாக அந்தப் பள்ளத்தின்மேல் வைத்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பாதிச் சவரத்தில் இருந்தவரை நுரையோடு வெளியே அனுப்பிவிட்டு, சலூன்காரர் அவனைக் கம்பளியோடு அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டு ஷட்டரை முழுவதும் இறக்கினார். வெளியே மைத்துனன் தட்டினான். இது என் கடை மாமா, நல்லதுக்குத்தான் செய்யறேன், திறங்க என்றான். வாடகையைப் பற்றியும் ஏதோ சொன்னான். சலூன்காரர் உள்ளே இருந்தபடியே கடை மூடியாச்சு மாப்ள என்றார். தட்டுகிற சத்தம் நிற்கும்வரை ஷட்டரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். நாளைக்கு இந்த நாற்காலிகளைத் தூக்கித் தெருவில் வைத்தாலும் வைப்பான்.

சத்தம் ஓய்ந்த பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கேட்டிருக்க வேண்டியதை அவர் கேட்டார். "தம்பி, உனக்கு என்னப்பா வேணும்?"

அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "முடி வளரணும்ணே. எத்தனை நாள் ஆகும்?"

அவர் தொழிலில் அதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. ஆனாலும் குல்லாயை இன்னொரு தடவை அவன் காதுவரை இழுத்துவிட்ட பிறகுதான் சொன்னார். "பள்ளம் மறைய ஆறு மாசம் ஆகும்ப்பா."

அந்த ஆறு மாதமும் அவன் சலூனின் பின்னறையில், தண்ணீர் டிரம்முக்கும் துண்டு அலமாரிக்கும் நடுவில் இருந்தான். அவன் போய்விட்டான் என்று தெருவுக்குச் சொல்லியாயிற்று. என் தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சலூன்காரரின் மனைவி போனாள். என்ன பேசினாளோ, மைத்துனன் படத்தை அழித்துவிட்டான், வாடகையை மட்டும் ஏற்றிவிட்டான். பின்கதவு வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை கூட்டிப் போனார்கள். வரிசை நீளம், கூப்பிடுவோம் என்று சலூன்காரரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவன் ஒன்றும் அடங்கி ஒடுங்கிய விருந்தாளி இல்லை. டீயில் சர்க்கரை போதாது என்பான். துண்டுகளை மடிக்கச் சொன்னால் அவன் இஷ்டத்துக்கு மடிப்பான். இங்கேயே இருந்துவிடேன் என்று ஒருநாள் சலூன்காரர் கேட்டதற்கு, "உள்ள இருந்தா சும்மா கிடக்கிற மாதிரி இருக்குண்ணே. படியில உட்கார்ந்தாதான் வேலைக்குப் போன மாதிரி இருக்கும்" என்றான். சலூன்காரருக்குச் சுருக்கென்றது. மறுத்துப் பேச வாய் வந்தது, அடக்கிக்கொண்டார். ஒரு தடவை அவனைக் கேட்காமல் நல்லது செய்தது போதும்.

ஆஸ்பத்திரி கூப்பிடவில்லை. முடியும் தாடியும் வளர்ந்தன. தன்னை அறியாத வேறொரு தெருவில், நடந்து போகிற தூரத்தில், அவன் இடம் பார்த்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் சலூன்காரர் அங்கே வந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

கிளம்புகிற அன்று விடிகாலையில் அவன் தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான், இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து. சலூன்காரர் துண்டைப் போர்த்தினார். கத்தரியைத் தொடவில்லை. இடது பக்க முடியை மட்டும் சீப்பால் இழுத்து, பள்ளத்தின்மேல் படியவிட்டு, தாடியில் கொஞ்சம் பவுடரைத் தூவிக் கையாலேயே கலைத்துவிட்டார். பிறகு எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வதுபோல, கைக்கண்ணாடியை எடுத்து அவன் தலைக்குப் பின்னால் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"சரியா இருக்கா, பெரியவரே?"

அவன் தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தான். காதுக்குமேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிடச் சொன்னான்.