நாலு பேர் அறை

எங்கள் ஊருக்கு இனிமேல் எப்படிப்பட்ட பயணிகள் வருவார்கள், அவர்களுக்கு என்ன காட்டலாம் என்று திட்டம் எழுதும் குழுவில் நானும் இருந்தேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'பின்நவீனத்துவப் பயணி' என்று ஒரு சொல்லைப் போட்டேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை. இவர்களுக்குக் கோபுரமும் அருவியும் போதாது, ஒரு ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க ஆசைப்படுவார்கள் என்று எழுதினேன். காலையில் விருதுநகர் மிளகாய் வற்றல் கிட்டங்கி, மதியம் எண்ணெய் பரோட்டா, பிறகு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் 'தொழிலாளர்களுடன் ஒரு மணி நேரம்'. கடைசி வரியை நானே மெச்சிக்கொண்டேன்.

வெளியாட்களை அழைக்கும் முன் ஒத்திகை பார்க்க, மாணவிகள் ஆறு பேரைப் பயணிகளாக்கினேன். ஏழாவதாக என் மகள். பட்டாசுக் கம்பெனிக்கு அவளைக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. ஆனால் ஊரார் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டாள் என்று யாரும் சொல்லக் கூடாதே.

கம்பெனி வாசலில் செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்தார்கள். அறிக்கைக்குப் படம் வேண்டும், ஒரு போனை மட்டும் விடுங்கள் என்று போர்மேனிடம் நான்தான் கெஞ்சினேன். தூரத்தில் நின்று எடுக்கச் சொல்லி, அரை மனதாக விட்டார். அந்தப் போன் மகள் கையில் இருந்தது.

பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறைகள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும். எத்தனை பேர் இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்கும். நாலு பேர். இந்த மாவட்டத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் மகள் அப்படியொரு அறையின் படி ஏறியபோது, படம் எப்படி வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்த நாலு பெண்களில் ஒருவர் எழுந்து வந்து, மகளின் கையைப் பிடித்து வெளியே தள்ளினார். மகள் மண்ணில் விழுந்தாள். முழங்கையில் ரத்தம்.

"எம் பிள்ள மேல கை வைக்கிறியா நீ?" என்று கத்தினேன். என்னைவிட மூத்தவர் அவர்.

"போனோட உள்ள வருது டீச்சர். அஞ்சாவது ஆளு வேற. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு யாரத் தாண்டி ஓடுறது?"

போர்மேன் ஓடி வந்தார். "ஏத்தா, வந்தவுகள இப்பிடித்தான் தள்ளுவியா? வாய் வேற. ஒரு வாரம் வீட்ல இரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். போனை விடச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். மகளின் முழங்கையை ஊதிக்கொண்டிருந்தேன்.

வேன் கிளம்பியது. "அவங்க என்னையக் காப்பாத்தத்தானம்மா தள்ளுனாங்க?" என்று மகள் கேட்டாள்.

மூன்று நாள் கழித்துப் போர்மேனுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். நாளைக்கே வரச் சொல்கிறேன் என்றார். அந்தச் செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று, ஆப்பிள் வாங்கிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

"பாப்பாவுக்குக் கை ஆறிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். செய்தியைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். பழப்பையை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு நான் போயிருவேன் டீச்சர். நீங்க அங்க வந்துராதீக."

திட்டத்தில் பட்டாசுக் கம்பெனி வரியை அடித்துவிட்டேன். குழுக் கூட்டத்தில் ஏன் என்று கேட்டார்கள். வேன் நிறுத்த அங்கே இடமில்லை என்றேன்.