சாயந்தரக் கை

இஸ்திரியக்காவுக்குக் கோபம் மூக்கின் மேல். ஓட்டலின் சலவைப் பிரிவில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். காலையில் நீராவி இஸ்திரியைக் கையில் பிடித்தால் சாயந்தரம்தான் விடுவார். படுக்கை விரிப்பு, மேஜைத் துணி, தலையணை உறை என்று மலை மலையாக வரும். மடிப்பு கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி தேய்ப்பார். அடுத்தவர் மடித்ததாக இருந்தாலும் பிரிப்பார். பாதிச் சண்டை அதனால்தான்.

இப்பேர்ப்பட்டவர் துப்பாக்கி சுடும் கிளப்பில் போய்ச் சேர்ந்தது தற்செயல். வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனார் தனியாகப் போக அலுத்துக்கொண்டு, "சும்மா துணைக்கு வாங்க அண்ணி" என்று இழுத்துக்கொண்டு போனார். பை தூக்கப் போன அண்ணி ஒருநாள் கிளப்பின் பழைய பிஸ்டலை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. நாத்தனார் வராத நாளிலும் இவர் போய் நின்றார். கையை நீட்டி, தூரத்துக் கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்கு உலகத்தில் யார் மேலும் கோபம் வராது.

கிளப் அணியில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். அதிலிருந்தவர் வேறு ஊருக்குக் குடிபோனதும், அணித் தலைவரான பல் டாக்டர் தேர்வுச் சுற்று அறிவித்தார். வேலைநாள் சாயந்தரம் நடக்கும். போட்டிகள் எல்லாமே சாயந்தரம்தான். கிளப்பின் பழைய துப்பாக்கி இனி உழைக்காது, அதனால் அவரவர் துப்பாக்கியோடு வர வேண்டும். பெயர் கொடுக்கத் தகுதியானவர்கள் இரண்டே பேர்: நாத்தனாரும் இஸ்திரியக்காவும்.

நாத்தனாருக்கு இது போட்டியாகவே படவில்லை. "நீங்களும் பேர் குடுங்க அண்ணி. சும்மா ஒரு அனுபவமா இருக்கும்" என்றார், நல்ல மனசோடுதான்.

அந்த 'சும்மா' சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் சுட்டதும் சும்மாவா? வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினார். பேருந்து ஓட்டுநரான கணவர் ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் மனைவி என்று நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார்.

துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் நாத்தனாரே தலைமேல் போட்டுக்கொண்டார். கிளப்பை ஒட்டியே கடை. கடைக்காரர் கூடவே இருந்து, அங்கேயே சுட்டுப் பார்க்க விடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனார்கள். நாத்தனார் தன்னிடம் இருப்பது போலவே ஒன்றைக் காட்டினார். ஐந்து குண்டு போடும் செமி ஆட்டோமேடிக், மெல்லிய குழல், விரலுக்கு விரல் பள்ளம் செதுக்கிய மரக் கைப்பிடி. அக்கா பிடித்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. சுட்டுப் பார்த்தார். ஒன்பது, பத்து, பத்து.

"நான்தான் சொன்னேன்ல?" என்றார் நாத்தனார்.

"இதையே எடுத்து வைங்க. பழகிப் பாத்துட்டு வாங்குற காகிதம் போட்டுக்கலாம்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அக்கா தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் வேலை முடிந்த கையோடு அதே துப்பாக்கியில் பழகப் போனார். அன்றைக்கு விரைவுச் சுற்று. கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். இலக்கு திரும்பி மூன்று விநாடி முகம் காட்டும். அதற்குள் கையைத் தூக்கி ஒரே ஒரு குண்டு. இப்படி ஐந்து தடவை. அக்கா தூக்கினார், சுட்டார். ஐந்தும் இடப்பக்கம் ஓடின. மறுபடி சுட்டார். மறுபடியும் இடப்பக்கம். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குண்டை மாற்று என்றார் ஒருவர். குறியைத் திருகு என்றார் இன்னொருவர். மூச்சை அடக்கச் சொன்னார் பல் டாக்டர். எல்லாம் செய்தும் பலனில்லை.

"துப்பாக்கி மேல தப்பில்ல அண்ணி. என்னோடதும் இதேதான். உங்க கைதான் பழகல" என்றார் நாத்தனார்.

இஸ்திரியக்கா துப்பாக்கியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கணவர் பேச்சுக் கொடுத்தார். "என்ன, விரல் வெறுமையா இருக்கு? மோதிரத்தை எங்க தொலைச்ச?"

ஆவிச் சூட்டுக்குப் பயந்து வேலை நேரத்தில் மோதிரத்தைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்வது வழக்கம். எடுத்து மாட்டப் பார்த்தார். விரல் மூட்டுக்கு மேல் ஏற மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். ஊஹூம்.

"விடு, காலைல தானா வழுக்கிக்கிட்டுப் போகும். தினமும் இதே கூத்துதானே?" என்றார் கணவர்.

அக்கா மோதிரத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். நாள் முழுக்க இஸ்திரியைப் பிடித்துத் தடித்துச் சிவந்த கை. இந்தக் கையா நேற்று அந்தச் செதுக்கிய பள்ளத்துக்குள் உட்கார்ந்தது?

"ஏங்க!" என்று அவர் கத்திய கத்தலில் கணவர் தண்ணீரைச் சிந்திவிட்டார். "துப்பாக்கி மேலயும் தப்பில்ல, என் கை மேலயும் தப்பில்ல. ஞாயித்துக்கிழமை மேலதான் தப்பு! லீவு நாள் கைக்கு வாங்கப் பாத்தேனே, நான் ஒரு மடச்சி!"

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே கடை. "எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்றார் கடைக்காரரிடம். குண்டில்லாத துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குவார். தூக்கிய பின் கண்ணைத் திறப்பார். குழல் நுனியிலுள்ள முன்குறி, பின்குறிப் பிளவுக்கு நடுவில் நிற்கிறதா? இல்லையென்றால் கீழே. ஞாயிற்றுக்கிழமை அழகிதான் முதலில் கழிந்தது. கடைசியில் ஓரத்தில் கிடந்த ஒன்று. கனத்த குழல், பள்ளமில்லாத அகலக் கைப்பிடி, உள்ளங்கைக்கு அடியில் ஏற்றி இறக்கிக்கொள்ளும் தாங்கி. தூக்கினார். கண்ணைத் திறந்தார். முன்குறி நட்ட நடுவில் நின்றது. மறுபடி தூக்கினார். மறுபடியும் நடுவில்.

உள்ளே வந்த நாத்தனார் பார்த்துவிட்டுப் பதறினார். "ஐயோ அண்ணி, இது சுவத்துல ஓட்டை போடுற மெஷின் மாதிரி இருக்கு!"

"ஓட்டை போடத்தானே வாங்குறேன்?" என்றார் அக்கா. கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன் பிறகு வேலை விட்ட ஒவ்வொரு சாயந்தரமும் அதே துப்பாக்கி, அதே கை. தேர்வு நாளும் வந்தது. கணவர் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நிதானச் சுற்றில் நாத்தனார் நான்கு புள்ளி முந்தினார். அவருடைய நிதானத்துக்கு ஈடு கிடையாது, அதை அக்காவே ஒப்புக்கொள்வார். பிறகு விரைவுச் சுற்று. இலக்கு திரும்பியது, அக்காவின் கை எழுந்தது, எழுந்த இடத்தில் குறி காத்திருந்தது. தேட வேண்டியதே இல்லை. சுட்டார். மறுபடி சுட்டார். காலித் தோட்டா ஓடுகள் தரையில் தெறித்து உருண்டன. நாத்தனார் அங்கொன்றும் இங்கொன்றுமாக இழந்துகொண்டே வந்தார். அக்கா ஒன்றையும் விடுவதாக இல்லை.

சுட்டு முடித்து இலக்கருகே போனார்கள். பல் டாக்டர் கூட்டிக்கொண்டே வந்து, கடைசித் துளை ஒன்றில் நின்றுவிட்டார். பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையில், கோட்டோரம். கோட்டைத் தொட்டிருந்தாலே பத்து என்பது கணக்கு. ஒன்பது என்றால் சமம். திரும்பச் சுட வேண்டும். பத்து என்றால் இடம் அக்காவுக்கு. குண்டின் பருமனில் செய்த அளவுக் குச்சியை டாக்டர் துளைக்குள் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஒன்பதுதான் போல..."

அக்கா டாக்டரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இருங்க." நாத்தனார் குனிந்தார். ஒற்றைக் கண்ணை மூடி, மறுபக்கமிருந்தும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "கோட்டைத் தொட்டிருக்கு டாக்டர். நல்லாப் பாருங்க. பத்து."

டாக்டர் இன்னொரு தடவை பார்த்தார். "ஆமா. பத்துதான்."

இஸ்திரியக்கா போட்ட கூச்சலில் பக்கத்துத் தடத்தில் சுட்டு முடித்துப் பை கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். பின் பெஞ்சில் கணவர் துணிந்து கைதட்டினார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. தடித்துச் சிவந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பையைக் கட்டும்போது நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"அண்ணி, நானும் என் துப்பாக்கியை ஒரு ஞாயித்துக்கிழமை காலைலதான் வாங்கினேன். நாளைக்குச் சாயந்தரம் என்கூடக் கடைக்கு வர்றீங்களா?"

"சும்மா துணைக்கா?" என்றார் அக்கா.

"இல்ல அண்ணி. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."